மினிக்காய்த் தீவின் மீனவர்

நிலத்தை ஐவகையாகப் பகுத்த பழந்தமிழர், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். நெய்தல் நிலத்தார்க்கு ஒருபுறம் கடல் உண்டு. மறுபுறம் வயலும் ஊரும் உண்டு. கடல் வளம் பொய்த்தால் அவர்கள் நிலத்தை நோக்கித் திரும்பலாம். உப்பும் மீனும் கொடுத்து நெல்லைக் கொள்ளலாம். ஆனால், எத்திசை நோக்கினும் கடலையே காணும் சிறு தீவில் வாழ்வோர் எங்கே திரும்புவர்? அவர்களுக்குக் கடலே வயல், கடலே வழி, கடலே வேலி. அத்தகைய மக்கள் தம் வயலை எவ்வாறு காக்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு மினிக்காய்த் தீவு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அரபிக் கடலில் கேரளக் கரைக்கு மேற்கே இலட்சத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் பத்துத் தீவுகளில் மட்டுமே மக்கள் நிலையாக வாழ்கின்றனர். அப்பத்தினுள் தென்கோடியில் தனித்து நிற்பது மினிக்காய். இதற்கு வடக்கே உள்ள அகன்ற கடற்பகுதியை 'ஒன்பது பாகைக் கால்வாய்' என்பர். தெற்கே உள்ளதை 'எட்டுப் பாகைக் கால்வாய்' என்பர். நிலவுலகின் நடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்பதாம் பாகையும் எட்டாம் பாகையும் அக்கடல்களின் ஊடே செல்வதால் இப்பெயர்கள் அமைந்தன. வடக்கே உள்ள பிற இலட்சத்தீவுகளைக் காட்டிலும் தெற்கே உள்ள மாலத்தீவுகளே இத்தீவுக்கு அண்மையானவை.

இத்தீவுக்கும் தமிழகத்துக்கும் ஒரு பழைய ஆட்சித் தொடர்பு உண்டு. கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தினர் வசமிருந்த மினிக்காய், பின்னர் ஆங்கிலேயர் கைக்கு மாறிச் சென்னை மாகாணத்தின் மலையாள மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, இத்தீவுகள் அனைத்தும் நடுவணரசின் நேரடி ஆட்சிப் பகுதியாயின. 1973ஆம் ஆண்டில் அப்பகுதிக்கு இலட்சத்தீவு என்னும் பெயர் சூட்டப்பட்டது.

மினிக்காய்க்குச் செல்ல விரும்புவோர் முன்னதாக அரசின் அனுமதி பெறல் வேண்டும். கொச்சித் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடலைக் கடத்தல் வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பார்க்கு முதலில் நிலம் தோன்றுவதில்லை. தொலைவில் ஒரு வெண்ணிறத் தூண் தோன்றும். அது கலங்கரை விளக்கம். பின்னர், நீரினின்று நேரே முளைத்தாற்போலத் தென்னைகளின் தலைகள் தோன்றும். அதன் பின்னரே கரை கண்ணிற்படும். தீவின் தரை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரமே உடையதாதலின், மரங்கள் முன்னும் மண் பின்னுமாகத் தோன்றுதல் இயல்பே.

அணுகிச் செல்லுந்தோறும் கடலின் நிறம் வேறுபடும். புறத்தே ஆழ்கடல் கருநீலமாய் விளங்கும். அதனை அடுத்து அலைகள் மோதி வெண்ணுரை சிதறும் ஒரு நீண்ட வளைகோடு தெரியும். அக்கோட்டினுள்ளே நீர் மரகதம் போலப் பசுமையாகவும் அசைவற்றும் கிடக்கும். வெண்ணுரைக் கோடு பவளப்பார் எனப்படும். உள்ளே அமைதியாக உள்ள நீர்ப்பரப்பு காயல் எனப்படும். பவளப்பார் கடலின் சினத்தைத் தான் தாங்கிக்கொண்டு, காயலையும் தீவையும் காக்கின்றது. கோட்டையைச் சூழ்ந்த மதிலைப் போல அது நிற்கின்றது எனலாம். ஆயினும் அம்மதிலைக் கட்டியவர் மனிதரல்லர். அரிசிமணியளவே உள்ள நுண்ணிய உயிர்கள்.

அவ்வுயிர்களே பவளப் பூச்சிகள் எனப்படுபவை. அவை கடல்நீரிலுள்ள சுண்ணச் சத்தைக் கொண்டு தம்மைச் சுற்றிக் கூடு கட்டுகின்றன. ஒரு தலைமுறை மடிய, அதன் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை கட்டுகின்றது. கடலினின்று எழுந்த எரிமலையொன்றைச் சூழ்ந்து இவ்வாறு பவளப்பார் வளர்கின்றது என்றும், மலை மெல்ல மெல்ல நீருள் அமிழ்ந்த பின்னும் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருப்பதால் வளையம் போன்ற தீவுகள் உண்டாகின்றன என்றும் சார்லஸ் டார்வின் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். பவளம் நொறுங்கி மணலாகி, அலைகளால் ஒதுக்கப்பட்டு, வளையத்தின் ஒரு பகுதியில் மேடிட்டு நின்றதே தீவின் நிலம். ஆகவே, மினிக்காயில் ஒருவன் காலூன்றி நிற்கும் மண் முழுவதும் உயிர்கள் ஈட்டி வைத்த செல்வமாகும்.

தீவு பிறைமதி போன்ற வடிவினது. நீளம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். அகலமோ மிக அகன்ற இடத்தும் ஒரு கிலோமீட்டர் அளவே. நிலப்பரப்பு ஐந்து சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. காயலின் பரப்போ அதனைப் போல ஆறு மடங்கு இருக்கும். 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்குப்படி இங்கு வாழ்வோர் பதினாயிரவர்க்குச் சற்று மிகுந்தவர். ஆறும் ஏரியும் இங்கு இல்லை. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். கிணறுகளில் ஊறுவது அந்நீரே. மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறி விடும். இக்குறையை நீக்க, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தினர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமொன்றை 2011ஆம் ஆண்டில் இங்கு அமைத்தனர். மேற்பரப்பிலுள்ள வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலினின்று ஏற்றிய குளிர்நீரால் அவ்வாவியைக் குளிர்வித்து நன்னீராக மாற்றுவதே அந்நிலையத்தின் முறை.

தொலைவிலிருந்து முதலில் கண்ணிற்பட்ட கலங்கரை விளக்கம் 1885ஆம் ஆண்டில் ஏற்றப்பட்டது. 1869ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின், மேனாட்டுக் கப்பல்கள் கொழும்பை நோக்கி இக்கடல் வழியே மிகுதியாக வரத் தொடங்கின. நீர்மட்டத்தளவே உயர்ந்த பவளப்பார் இரவில் கப்பலோட்டிகளின் கண்ணுக்குத் தெரியாது; தெரிந்தபோது கப்பலைத் திருப்புதற்குக் காலம் இராது. அதனாலேயே நாற்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்த இவ்விளக்கம் இங்கு எழுப்பப்பட்டது. இதன் உச்சியில் ஏறி நிற்பார்க்குத் தீவு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்: ஒருபுறம் ஆர்ப்பரிக்கும் பெருங்கடல்; மறுபுறம் துயிலும் காயல்; இடையில் பசிய தென்னந்தோப்பு.

ஊருக்குள் நுழைவோர் உள்ளத்தைக் கவர்வது அங்கு நிலவும் அமைதி. தென்னைகளின் கீழே வெண்மணல் வழிகள் செல்கின்றன. வீடுகளும் முற்றங்களும் தூய்மையாக விளங்குகின்றன. அலையின் ஓசையும் ஓலையின் சலசலப்புமே பெரிதும் செவியில் விழும் ஒலிகள். மக்கள் இசுலாமிய சமயத்தினர். தீவு பதினோரு சிற்றூர்களாகப் பிரிந்துள்ளது. ஒவ்வோர் ஊருக்கும் பொதுமனை ஒன்றுண்டு. ஆடவர்க்கு ஒரு தலைவரும் மகளிர்க்கு ஒரு தலைவியும் இருப்பர். தலைவரைப் 'போடுகாகா' என்றும், தலைவியைப் 'போடுதாதா' என்றும் அழைப்பர். தெருவைத் தூய்மை செய்தல், படகைக் கரையேற்றுதல், திருமண விருந்து சமைத்தல் முதலிய பொதுப்பணிகளை ஊரார் ஒன்றுகூடிச் செய்வது பழைய வழக்கம். ஒவ்வோர் ஊரும் தனக்கென வண்ணம் தீட்டிய நீண்ட பந்தயப் படகு ஒன்றை வைத்திருக்கும். விழா நாட்களில் அப்படகுகள் காயலில் போட்டியிடுங்கால், துடுப்புகள் ஒருங்கே எழுந்து ஒருங்கே விழும் காட்சி கண்ணுக்கு இனியதாகும்.

மினிக்காய் மகளிரின் நிலை தனிச்சிறப்புடையது. திருமணத்திற்குப்பின் கணவனே மனைவியின் இல்லத்துக்கு வருவான். குடும்பப் பெயரும் இல்லமும் தாய்வழியாகவே தொடரும். இதற்குக் காரணம் அறிதல் அரிதன்று. இத்தீவின் ஆடவருள் பலர் வணிகக் கப்பல்களில் மாலுமிகளாய்ப் பல திங்கள் தொலைநாட்டுக் கடல்களில் உழல்வர். மற்றையோர் மீன்பிடித்தலில் ஈடுபட்டிருப்பர். கரையில் எந்நாளும் நிலைத்திருப்போர் மகளிரே. ஆகவே வீட்டின் ஆட்சியும் ஊரின் பொறுப்பும் அவர்கள் கையில் இருத்தல் பொருத்தமேயாகும்.

பிற இலட்சத்தீவுகளில் பெரும்பாலும் மலையாளத்தோடு தொடர்புடைய பேச்சு வழங்க, மினிக்காயில் மட்டும் 'மகல்' என்னும் மொழி வழங்குகின்றது. மாலத்தீவு மக்கள் பேசும் திவேகி மொழியின் கிளையே அது. அம்மொழியினர் தம் ஊரை 'மலிக்கு' என்பர். அவர்கள் பயிலும் 'தானா' என்னும் எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவினின்று தோன்றியவை. எண்ணையே எழுத்தாக மாற்றிக்கொண்ட அப்புதுமை மொழியறிஞர்க்கு வியப்பூட்டுவதாகும்.

இனி, இம்மக்களின் தலையாய தொழிலைக் காணலாம். வரிச்சூரை என்னும் மீனே இத்தீவின் செல்வம். முதுகு கருநீலமாகவும், வயிறு வெண்ணிறமாகவும், அவ்வெள்ளையின்மேல் நீண்ட கரிய வரிகள் உடையதாகவும் அம்மீன் விளங்கும். காற்றுப்பை இல்லாமையால் நீந்தாது நிற்பின் அது மூழ்கிவிடும். நீந்தினாலன்றி அதன் செவுள்களில் போதிய நீரும் பாயாது. ஆகவே பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை ஓயாது ஓடிக்கொண்டே இருத்தல் அதன் இயல்பு. ஓடுவதற்கு ஆற்றல் வேண்டும்; ஆற்றலுக்கு உணவு வேண்டும். எந்நேரமும் பசித்திருக்கும் இம்மீனின் இயல்பை நன்கு அறிந்தே மினிக்காய் மீனவர் தம் தொழில்முறையை வகுத்துள்ளனர்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் படகுகள் கரையேறி ஓய்வு கொள்ளும். காற்று ஓய்ந்தபின் தொடங்கும் மீன்பிடி காலம் அடுத்த கோடை வரை நீடிக்கும். ஒவ்வொரு நாளின் வேலையும் இரண்டு பகுதிகளாக அமையும். முதற்பகுதி காயலில், இரண்டாம் பகுதி ஆழ்கடலில். காயலில் பிடிப்பது விரல் நீளமே உள்ள சிறுமீன். ஆழ்கடலில் பிடிப்பது சூரை. சிறுமீன் கிடையாத நாளில் படகு பவளப்பாரைக் கடந்து செல்வதில்லை.

காயலின் தெளிந்த நீரில், நான்கு மூலைகளிலும் கோல் கட்டிய சதுரவலையை மீனவர் தாழ்த்துவர். அரைத்த மீன்சதையைத் தூவி இரைமீன்களை வலையின்மேல் வரச்செய்வர். சிறுமீன்கள் கூடியதும் வலையை ஒருங்கே உயர்த்துவர். பவளக் கிளைகளினூடே ஒளிந்து வாழும் மீன்களாயின், சிலர் நீரில் மூழ்கி அவற்றை வலையை நோக்கி ஓட்டுவர். பிடிபட்டவற்றைக் கையாற் பற்றுதலும் அழுத்துதலும் கூடா. செதில் உதிர்ந்தால் அவை விரைவில் இறந்துபடும். இறந்த சிறுமீனைச் சூரை பொருட்படுத்தாது. உயிருள்ள இரையே வேண்டும்.

உயிருள்ள மீனைக் கடலில் நெடுந்தொலைவு கொண்டு செல்வது எவ்வாறு? இங்கேதான் மினிக்காய்த் தச்சரின் அறிவு விளங்குகின்றது. படகின் நடுவே ஓர் அறையை அவர் அமைத்தனர். அவ்வறையின் அடிப்பலகையில் துளைகளை இட்டனர். படகில் துளையிடுதல் பேதைமை என்று பிறர் கருதுவர். ஆனால் அத்துளைகளின் வழியே புதிய கடல்நீர் இடைவிடாது உள்ளே வரும். அறையில் மிகுந்த நீரை ஆட்கள் இறைத்து வெளியேற்றுவர். இவ்வாறு நீர் மாறிக்கொண்டே இருப்பதால் சிறுமீன்கள் மூச்சுத் திணறாது வாழும். அறையின் சுவர்கள் உறுதியாக இருப்பதால் நீர் படகின் பிற பகுதிகளுக்குப் பரவாது. வேண்டாத காலத்தில் துளைகளை முளையால் அடைத்துவிடலாம். படகை மூழ்கச் செய்யும் துளையையே படகின் பயனுக்குரியதாக மாற்றிய நுண்மதி பாராட்டத் தக்கது.

இரைமீனுடன் பவளப்பாரைக் கடந்த படகு சூரைக் கூட்டத்தைத் தேடிச் செல்லும். நீரின் அடியில் ஓடும் மீனைக் காண்பது எங்ஙனம்? வானத்தை நோக்கியே மீனவர் கடலை அறிகின்றனர். சூரைக் கூட்டம் சிறுமீன்களை மேலே துரத்தும். அவற்றைக் கவ்வ ஆலாப் பறவைகள் மேலே வட்டமிடும். பறவைகள் தாழ்ந்து பறக்கும் வகையையும் திரும்பும் திசையையும் கொண்டு, கூட்டம் செல்லும் வழியைப் பழகிய கண்ணினர் கணித்துவிடுவர். பறவை திரண்ட இடத்தை நோக்கிப் படகு விரையும்.

கூட்டத்தை அடைந்ததும் ஒருவர் கையளவு இரைமீனை அள்ளிக் கடலில் வீசுவர். அதே வேளையில் நீரைத் துளித்துளியாகப் படகின் பின்புறத்தே தெளிப்பர். முற்காலத்தில் இதனை அகப்பையால் செய்தனர். இக்காலத்தில் பொறி கொண்டு செய்கின்றனர். துளிகள் விழும் நீர்ப்பரப்பு, சிறுமீன்கள் துள்ளுவதுபோலச் சூரைக்குத் தோன்றும். படகின் நிழலும் தூண்டிற்கயிறும் அதன் கண்ணுக்கு மறையும். சூரைகள் வெறிகொண்டு பாயும். அந்நிலையில், பின்புறப் பலகைமேல் வரிசையாக நிற்போர் நீண்ட மூங்கிற்கோலைத் தாழ்த்துவர். கோலின் கயிற்று முனையில் பளபளக்கும் முள் ஒன்று இருக்கும். அதில் இரை கோப்பதில்லை. அதற்கு எதிர்முள்ளும் இல்லை. முள்ளின் ஒளியையே மீன் எனக் கருதிச் சூரை கவ்வும். கவ்விய கணத்திலேயே கோல் உயரும். மீன் ஆட்களின் தலைக்குமேல் வளைந்து வந்து, முள்ளினின்று தானே கழன்று படகில் விழும். கோல் மீண்டும் நீரில் தாழும். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே சில நொடிகளே கழியும்.

எதிர்முள் இல்லாமையின் பயன் இப்பொழுது விளங்கும். எதிர்முள் இருப்பின் ஒவ்வொரு மீனையும் கையால் பிடித்து விடுவிக்க வேண்டும். சூரையின் வெறியோ சில நிமிடமே நீடிக்கும்; இரை தீர்ந்தாலும் ஐயம் தோன்றினாலும் கூட்டம் ஆழத்தில் மறைந்துவிடும். ஆதலின் கழற்றும் காலத்தையும் மிச்சப்படுத்தும் தூண்டிலே இத்தொழிலுக்கு ஏற்றது. ஆனால் எதிர்முள் இல்லாத தூண்டிலில் கயிறு ஒரு கணம் தளர்ந்தாலும் மீன் தப்பிவிடும். கருவி எளிது, அதனைக் கையாளும் திறன் அரிது. சிறுவயது முதலே கடலிற் பழகியவர்க்கன்றி அத்திறன் கைவராது.

கிடைத்த மீன் படகின் உரிமையாளர்க்கும் தொழிலாளர்க்கும் வழக்கப்படி பகுக்கப்படும். அதன்பின் மாசி ஆக்கும் வேலை தொடங்கும். மீனைப் பிளந்து முள்நீக்கி, உப்புநீரில் வேகவைப்பர். பின்னர்த் தென்னை மட்டையும் நாரும் இட்ட தீயின் புகையில் வாட்டுவர். இறுதியாக வெயிலில் உலர்த்துவர். இவ்வாறு பதம்செய்த மீன், கட்டை போல் இறுகித் திங்கள் பல கெடாதிருக்கும். ஐந்து கிலோ பச்சை மீன் ஏறத்தாழ ஒரு கிலோ மாசியாகும். வேகவைத்த நீரையும் இம்மக்கள் வீணாக்குவதில்லை. அதனை மேலும் காய்ச்சிக் குழம்பாக்கிச் சோற்றோடு உண்பர்.

மாசி என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. 'மாஸ்' என்பது திவேகி மொழியில் மீனைக் குறிக்கும் பெயர். தென்பாண்டிக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் மாசிக் கருவாட்டை இடித்துத் தூளாக்கிச் சம்பலிலும் குழம்பிலும் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் நீதிபதியாகப் பணியாற்றிய இபுன் பதூதா என்னும் பயணி, அங்கு மீனை வேகவைத்துப் புகையூட்டி இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்பியதைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். பனிக்கட்டியும் குளிர்ப்பெட்டியும் இல்லாத காலத்தே, வெயிலையும் புகையையும் உப்பையும் கொண்டு மீனை நெடுந்தொலைவு செலுத்தியவர் இத்தீவினர்.

1960களில் பாய்மரப் படகுகளின் இடத்தில் பொறிப் படகுகள் வந்தன. மினிக்காயில் மட்டும் பெருவழக்காயிருந்த இத்தூண்டில் முறை, அரசின் முயற்சியால் அகத்தி முதலிய பிற தீவுகளுக்கும் பரவியது. 1969ஆம் ஆண்டில் சூரையைத் தகரக் குவளையில் அடைக்கும் ஆலை மினிக்காயில் நிறுவப்பட்டது. இவ்வாறு ஒரு சிறு தீவின் கைத்திறன் இலட்சத்தீவு முழுமைக்கும் வாழ்வளிக்கும் தொழிலாயிற்று.

இம்முறையின் பெருமை அதன் அளவுடைமையே. பெருங்கடல்களில் கிலோமீட்டர்க் கணக்கில் நீண்ட சுருக்குவலைகள் கூட்டம் முழுவதையும் ஒருங்கே வளைத்து அள்ளுகின்றன. அவற்றில் வேண்டிய மீனோடு வேண்டாத மீனும், இளங்குஞ்சும், சில வேளைகளில் ஆமையும் சுறாவும் அகப்பட்டு மாள்கின்றன. அடிக்கடலைத் துழாவும் இழுவலைகள் மீனின் இருப்பிடத்தையே அழிக்கின்றன. மினிக்காய் மீனவரோ ஒரு கோலால் ஒரு மீனையே எடுக்கின்றனர். தூண்டிலைக் கவ்வாத மீன் தப்பிச் செல்லும். பிற உயிர்கள் பெரும்பாலும் அகப்படா. கடலும் தன் செல்வத்தை மீண்டும் நிரப்பிக்கொள்ளும். கறவைப் பசுவின் மடியில் கன்றுக்கும் பால் விடுவோன் செயலை இஃது ஒக்கும்.

ஆயினும் இத்தொழிலுக்கு ஒரு மெல்லிய இடம் உண்டு. அஃது ஆழ்கடலில் இல்லை, காயலில் உள்ளது. சூரை எத்துணை மிகுதியாக இருப்பினும், விரல் நீள இரைமீன் இல்லையேல் அதனைப் பிடித்தல் இயலாது. படகுகள் பெரியனவாகிப் பலவாகுந்தோறும் இரைமீனின் தேவையும் மிகுகின்றது. காயலோ வளர்வதில்லை. நுண்கண்ணுடைய வலையால் அளவின்றி அள்ளினால் அடுத்த ஆண்டின் விதைநெல்லை இவ்வாண்டே உண்ட கதையாகும். ஆகவே எங்கு, எப்போது, எவ்வளவு பிடிப்பது என்பதில் ஊரார் ஒருமித்த கட்டுப்பாடு கொள்ளுதல் இன்றியமையாதது.

ஊராரின் கட்டுப்பாட்டுக்கு அடங்காத இன்னொரு துன்பமும் உண்டு. பவளப் பூச்சிகளின் உடலில் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, கதிரொளியால் உணவு ஆக்கி அவற்றை வளர்க்கின்றன. பவளத்திற்கு நிறம் தருவனவும் அவையே. கடல்நீரின் வெப்பம் அளவுக்கு மீறினால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். வெப்பம் விரைவில் தணிந்தால் பவளம் பிழைக்கலாம், நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுக் கடலில் இவ்வாறு பவளம் பெருமளவில் வெளுத்தது. பவளக் கிளைகள் சிதைந்தால் அவற்றினிடையே வாழும் இரைமீன்கள் தங்குமிடம் இழக்கும். மதிலாகிய பவளப்பார் தளர்ந்தால் புறக்கடலின் அலைகள் காயலுள் புகும், தாழ்ந்த கரையை அரிக்கும், கிணற்றுநீர் உவராகும்.

கடலை வெப்பமாக்கியவர் மினிக்காய் மீனவரோ எனின், அல்லர். உலகெங்கும் ஆலைகளும் ஊர்திகளும் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வானில் விடும் கரியமில வாயுவே காற்றையும் கடலையும் சூடாக்குகின்றது. தொலைவில் வாழ்வோர் செய்த செயலின் பயனைத் தீவில் வாழ்வோர் முதலில் நுகர்கின்றனர். ஒற்றைத் தூண்டிலால் அளவறிந்து வாழ்ந்தவர், அளவறியாதார் செய்கையால் துன்புறுதல் நீதியாகாது. இக்கருத்தை உணர்தல், தீவினர்க்கு மட்டுமன்று, எரிபொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொருவர்க்கும் கடமையாகும்.

மினிக்காயின் வாழ்வை ஆராய்ந்து நோக்கின், ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஒரு சங்கிலி புலப்படும். நுண்ணிய பாசி பவளத்தை வளர்க்கின்றது. பவளம் காயலைக் காக்கின்றது. காயல் சிறுமீனைப் பேணுகின்றது. சிறுமீன் சூரையைக் கொணர்கின்றது. சூரை பதினாயிரம் மக்களுக்குச் சோறிடுகின்றது. சங்கிலியின் மிகப் பெரிய வளையத்தை யாவரும் காண்பர். மிகச் சிறிய வளையத்தைக் காண்பவரே அறிவுடையார். படகின் அறையில் விரல் நீள மீனின் உயிரைப் பேணி, இரவு பகலாக நீர் இறைத்து நின்ற மினிக்காய் மீனவர் அவ்வறிவைப் பெற்றிருந்தனர். அவ்வறிவு உலகோர் அனைவர்க்கும் வாய்க்குமாயின், அச்சிறு தீவின் விளக்கம் கடலில் வரும் கலங்களுக்கு என்றும் ஒளிகாட்டி நிற்கும்.